லயத்து அம்மியும் எகிப்தின் சில்லும்

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் ஏப்ரல் மாதப் பூக்கண்காட்சிக்குப் போவார்கள், குதிரைப் பந்தயம் பார்ப்பார்கள், கிரகரி ஏரியில் படகு விடுவார்கள். நான் போனது அம்மி பார்க்க. கண்டியில் பஸ் ஏறும்போது பக்கத்து சீட்டுக்காரர் விசாரித்தார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊர்ல அம்மி கெடையாதா?" என்றார்.

உண்டு. திருச்சிப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. ஆனால் அம்மியைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு லண்டனில்தான் வந்தது. யூனிவர்சிட்டி காலேஜின் பெட்ரி அருங்காட்சியகத்தில் பழைய எகிப்தின் கல் பாத்திரங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பளிங்கு போல ஒளி ஊடுருவும் டிராவர்டைன் கல்லில் குடைந்த ஜாடிகள், கருப்பும் வெள்ளையும் கலந்த நைஸ் பாறைக் கிண்ணங்கள், பசால்ட் குடுவைகள். முழுப் பாத்திரங்கள் அழகுதான். என்னைப் பிடித்து நிறுத்தியவை உடைந்த சில்லுகள். உள்ளங்கை அகலச் சில்லு, அதில் ஒரு கீறல், அந்தக் கீறல் ஓர் அரசன் பெயர்.

கதை அபிடோஸில் நடந்தது. எகிப்தின் முதல் வம்ச அரசர்களைப் புதைத்த பாலைவன மேடு அது. 1890களின் பிற்பகுதியில் எமில் அமெலினோ என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே தோண்டினார், நல்லவற்றை எடுத்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால், 1899இன் இறுதியில் வந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, முன்னவர் கொண்டுபோக முடியாத கல் பாத்திரங்களை வேண்டுமென்றே நொறுக்கிவிட்டார் என்று குற்றம் சாட்டினார். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தொழில் பொறாமை என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம். பெட்ரி அடுத்துச் செய்ததுதான் முக்கியம். அந்தக் குப்பையை மறுபடி சலித்தார். பெயர் கீறிய சில்லுகளையும் முத்திரை பதித்த களிமண்ணையும் பொறுக்கி, எது எந்தக் கல்லறையில் கிடைத்தது என்று குறித்து, எல்லாவற்றையும் வரைந்து, 1900இலும் 1901இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். முதல் வம்சத்தில் யாருக்குப் பின் யார் ஆண்டார் என்ற வரிசைக்கு அந்தச் சில்லுகள் பெரிய சாட்சி. ஒரு பாத்திரத்தில் அனெட்ஜிப் என்ற அரசன் பெயரைச் சுரண்டியிருக்கும், மேலே செமெர்கெத் தன் பெயரைப் போட்டிருப்பான். எவர்சில்வர் குடத்தில் மாமியார் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை வெட்டிக்கொண்ட மருமகள் நம் ஊரிலும் இருப்பாள். ஆனால் செமெர்கெத் செய்ததால் அவன் அனெட்ஜிப்புக்குப் பின்னால் வந்தவன் என்று ஐயாயிரம் வருடம் கழித்து நமக்குத் தெரிகிறது.

சக்காராவில் இதைவிடப் பெரிய குவியல். ஜோசர் அரசனின் படிப் பிரமிடுக்கு அடியில், கிழக்குப் பக்கச் சுரங்கங்களில் இரண்டு, தரையிலிருந்து கூரைவரை கல் பாத்திரங்களால் நிரம்பியிருந்தன. 1930களில் ஜேம்ஸ் குவிபெல்லும் ஜான் ஃபிலிப் லாயரும் அவற்றைத் திறந்தபோது கூரை இடிந்து பெரும்பாலானவை நொறுங்கிக் கிடந்தன. மொத்தம் 40,000 இருக்கும் என்பது கணக்கு. அவற்றில் பல ஜோசருக்கு முந்தைய அரசர்களின் பெயர் தாங்கியவை, நார்மர் பெயர்கூட இருக்கிறது. முன்னோர் சாமான்களை ஒரு மூட்டையாகக் கட்டித் தன் கல்லறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டான் ஜோசர். ஏன் என்பதற்கு அறிஞர்களிடம் பல பதில்கள். லாயர் அந்தத் துண்டுகளை ஒட்டுவதில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தார்.

பெட்ரி அருங்காட்சியகத்தில் நின்றபோது எனக்கு ஓர் உறுத்தல். அரசன் கிண்ணத்துக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைக்கிறது. அதே நாட்டில் பெண்கள் முழங்காலிட்டு தானியம் அரைத்த அரைகல்லைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? பழைய அரசுக் காலத்துக் கல்லறைகளில் மாவரைக்கும் பெண்ணின் சிலை உண்டு, குனிந்த முதுகோடு. மம்மிகளின் பல் தேய்ந்திருப்பதற்கு ரொட்டியில் கலந்த கல்பொடியும் மணலும் ஒரு காரணம் என்கிறார்கள். சமையலறைக் கல்லும் வரலாறுதானே என்று அன்று தோன்றியது. எழுத்துக்குள் அதிகம் வராத ஒரு தமிழ்ச் சமூகம் இருநூறு வருடம் மிளகாய் அரைத்த இலங்கையின் தேயிலை மலை நினைவுக்கு வந்தது.

கம்பளை தாண்டி புசல்லாவைக்கு ஏறும் பாதையில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் மலையகத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அதைத் தொடங்கியது. இதற்காகக் கட்டடம் எதுவும் கட்டவில்லை, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான பழைய லயத்தையே அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். நல்ல முடிவு. அருங்காட்சியகத்துக்குள் போகிறோம் என்ற நினைப்பு வருவதற்குள் ஒரு காம்பராவுக்குள் குனிந்து நுழைந்துவிடுகிறோம். இஸ்தோப்பு என்கிற திண்ணை, உள்ளே ஓர் அறை, அடுப்பங்கரை. ஒரு குடும்பம் பிறந்து, கல்யாணம் கட்டி, செத்த இடம் அவ்வளவுதான். வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், தப்பு, பழைய படங்கள், பத்திரிகைகள் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் பெரிய பெரிய இயந்திரங்கள் உண்டு, 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுகள் உண்டு. இரண்டையும் பார்ப்பவர்கள் இரண்டு வேறு நாடுகளைப் பார்த்ததாக நினைத்தால் தப்பில்லை.

அங்கிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா. வளைவுக்கு வளைவு பாறையை வெட்டித்தான் ரோடு போட்டிருக்கிறார்கள். வெட்டிய முகத்தில் கருநீலமும் பழுப்புமாகக் கல் மினுங்குகிறது. சார்னோக்கைட்டும் நைஸும் இந்த மலைகளில் பின்னிக் கிடக்கின்றன. சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னால் நம் பல்லாவரம் இருக்கிறது. கல்கத்தாவில் ஜோப் சார்னோக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக்குப் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோய் வைத்தார்கள். தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893இல் அந்தக் கல் வகைக்கு அவர் பெயரையே சூட்டினார். இந்தியாவும் இலங்கையும் ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்தில் பூமிக்கு அடியில் வெந்த கல் இது. தோட்டவேலைக்காகத் துறையூரிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் புறப்பட்டுக் கப்பலேறி, தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துவந்தவர்கள் அம்மியைத் தலையில் சுமந்து வந்திருக்க முடியாது. சுமக்கத் தேவையும் இல்லை. ஊரில் மிதித்த கல்லின் உறவுக்கல்தான் இங்கே காலடியில் கிடந்தது. அந்த நடையை நினைவுகூர்ந்து 2023இல், மலையகம் 200 என்ற பெயரில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மறுபடி நடந்தார்கள்.

நுவரெலியா நகரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. குளிர், நெரிசல், ஸ்ட்ராபெரி.

தலவாக்கலை போகும் வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கி ஒரு லயத்துக்குப் போனேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். ஓர் அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"திருச்சிப் பக்கம்மா."

"திருச்சியா? எங்க தாத்தா துறையூருன்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல."

அம்மி எங்கே என்று கேட்டதும் சிரித்தார். வாசலுக்குக் கீழே கையைக் காட்டினார். நான் மிதித்துக்கொண்டு நின்ற படிக்கல்தான் அம்மி. பாதி. மீதிப் பாதி தண்ணீர் விழும் பீலியடியில் துணி துவைக்கும் கல்லாக இருந்தது. வீட்டுக்குள் இப்போது மிக்ஸி.

"கொழுந்துக்குப் போயிட்டு வந்து, இருட்டுக்குள்ளதான் மொளகா அரைப்போம். அந்தச் சத்தம் லயம் பூராவும் கேக்கும். எந்தக் காம்பராவுல கறி, எந்தக் காம்பராவுல வெறும் சம்பல்னு சத்தத்த வச்சே சொல்லிருவோம்."

உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் கல் வாங்கிக் குழிந்திருந்தது, வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. யாரும் உளி வைத்துச் செதுக்கிய குழி இல்லை அது. குழவியும் மிளகாயும் கைகளும் சேர்ந்து இழைத்த குழி. அம்மி வழுவழுப்பானால் அரைபடாது, கொத்த வேண்டும். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பொளிந்துவிட்டு, தவிட்டையோ அரிசியையோ போட்டு அரைத்துக் கல்பொடியைக் கழுவி ஊற்றிய பிறகுதான் சமையலுக்கு எடுப்பார்கள். இந்த அம்மியின் ஓரங்களில் பொளிந்த தடம் வரிசை வரிசையாக இருந்தது, நடுவில் சுத்தமாக அழிந்துபோயிருந்தது. யார் கொத்தினார்கள் என்று கேட்டேன். தோட்டத்தில் படிக்கட்டும் மதகும் கட்ட வந்த கல்வேலைக்காரர்களிடம் காசோ அரிசியோ கொடுத்துக் கொத்தி வாங்கியதாகத் தன் மாமியார் சொல்வாராம்.

எகிப்தியக் கிண்ணத்தின் உட்புறத்திலும் இப்படித் தடம் படிக்கலாம். அங்கே வளையம் வளையமாக இருக்கும். கல்லை வெளியே உருட்டி வடிவாக்கிவிட்டு, செம்புக் குழாய் ஒன்றை நிறுத்தி, குவார்ட்ஸ் மணலைப் போட்டுச் சுழற்றுவார்கள். அறுப்பது மணல், செம்பு அதைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது, அவ்வளவுதான். நடுவில் நிற்கும் தண்டை உடைத்து எடுப்பார்கள். வாய் சிறுத்து வயிறு பெருத்த ஜாடியென்றால் இடுப்பு ஒடுங்கிய ஒரு கல்லைக் கவையில் மாட்டி உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பி அகலமாக்குவார்கள். துரப்பணத் தண்டின் தலையில் பாரத்துக்குக் கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பது கல்லறை ஓவியங்களில் தெரிகிறது. டெனிஸ் ஸ்டாக்ஸ் என்ற ஆங்கிலேயர் இதே கருவிகளைச் செய்து, இதே முறையில் கல்லைக் குடைந்து காட்டிவிட்டார். இருந்தும், இயந்திரமில்லாமல் இவ்வளவு துல்லியம் வராது, காணாமல்போன நாகரிகம் ஒன்று செய்தது என்று யூடியூபில் வாரத்துக்கு ஒருவர் சத்தியம் செய்கிறார். அவரை இந்தப் படிக்கல் முன்னால் உட்காரவைக்க வேண்டும். மிளகாயும் மஞ்சளும் வைத்தே சார்னோக்கைட்டில் இரண்டு விரல் ஆழம் இறங்கியிருக்கிறார்கள். மணலும் செம்பும் அரசன் கொடுக்கும் படியும் இருந்தால் என்னதான் முடியாது?

அந்த லயத்தில் ஏழு குடும்பங்கள் கீழே புதிய தனி வீடுகளுக்குப் போய்விட்டன. இந்திய உதவியில் கட்டும் வீடுகள், ஆளுக்கு 7 பேர்ச் காணி. 2017இல் நோர்வூட்டுக்கு வந்த மோடி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்துவிட்டுப் போனார். வந்தவை நல்ல வீடுகள்தான், கூரை ஒழுகாது, பக்கத்துக் காம்பரா இருமல் காதில் விழாது. லயம் போகிறதே என்று கவிதை பாடுகிறவர்கள் ஒரு மழைக்காலம் அதற்குள் குடியிருந்து பார்க்கட்டும். ஆனால் வீடு மாறும்போது கட்டிலும் டீவியும் சாமி படமும் போகின்றன, கல் போவதில்லை. காலியான காம்பராக்களைச் சுற்றிப் பார்த்தபோது ஓர் ஆட்டுக்கல் மண்ணில் பாதி புதைந்து மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு அண்டை கொடுத்த குழவி ஒன்று. மேலே மலையில், மஞ்சள் பூசிய முனியாண்டி கல் ஒன்று, அதன் வடிவத்தைப் பார்த்தால் அதுவும் முன்னொரு காலத்தில் மிளகாய் அரைத்ததுதான் என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.

கல்லை விட்டுவிட்டுப் போவது இந்த மலைக்குப் புதிதல்ல. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இந்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று. பங்கு பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் ராமானுஜம் என்ற கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரியில் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் மறுபடி கொழுந்து பறிக்கவே போனார்கள் பலர். ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். இங்கே பறந்தவர்கள் மனிதர்கள், அம்மி வைத்த இடத்தில் இருந்தது. ஜோசரைப் போல முன்னோர் கல்லை மூட்டை கட்டிக்கொள்ள அரசனால்தான் முடியும்.

ஹட்டனில் இரவு. மறுநாள் நோர்வூட் வழியாக மஸ்கெலியா பஸ். சிவனொளிபாத மலைக்குப் போகும் கூட்டத்தில் நசுங்கி நின்றபடி மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தேன். பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. 1960களின் முடிவில் அணை கட்டியபோது ஊரை மேலே தூக்கினார்கள். வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேற்றிலிருந்து தலைநீட்டும், சனம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கும். நான் போனபோது நீர் பாதிதான் இறங்கியிருந்தது. கரையோரச் சேற்றில் ஓட்டுச் சில்லு, பீங்கான் துண்டு, படிக்கட்டாக இருந்த கற்கள். எது எந்த வீட்டுடையது என்று சொல்ல ஒருவருமில்லை.

இதே மஸ்கெலியாவில் சில்லுகளைத் தேடிய ஒருவர் இருந்தார். ஜான் போல், தோட்டத்துரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இந்தச் சரிவுகளில் குவார்ட்ஸ் கல்லின் சின்னச் சின்னச் செதில்களைப் பொறுக்கி, இவை தானாக உடைந்தவையல்ல, மனிதர் செய்த கருவிகள் என்று சொன்னார். ஈ. ஈ. கிரீன் என்ற பூச்சியியலாளரும் நாவலப்பிட்டிப் பக்கம் அதே வேலையில் இருந்தார். போல் 1913இல் இலங்கையின் கற்கருவிகளைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். தேயிலை வருவதற்கு முன், காப்பிக்கு முன், விவசாயத்துக்கும் முன் இந்தக் காடுகளில் வேட்டையாடியவர்களின் கைவேலை அவை. இப்படிப்பட்ட நுண்கற்கருவிகள் இலங்கைக் குகைகளில் 45,000 ஆண்டுக்கு மேல் பின்னோக்கிப் போகின்றன என்று பிறகு நிறுவினார்கள். போலின் கண் கூர்மையை மெச்ச வேண்டும். கான் வெட்டி, முள்ளுக் குத்தி, அந்த மண்ணை மேலே புரட்டிப் போட்டது யார் கை என்பதையும் கூடவே நினைக்க வேண்டும். துரைக்குக் கல்லில் ஆதி மனிதன் தெரிந்தான். கீழே லயத்தில் கல்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவர்கள் யார் கண்ணுக்கும் தொல்பொருள் ஆகவில்லை, இன்னும் ஆகவில்லை. கழுத்தில் எண் போட்ட தகரத் துண்டோடு இறக்கப்பட்டவர்கள் அவர்கள். அரசாங்கக் கோப்பில் தலைக்கணக்காகவும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர், அரைப்பேர் என்றும் இருப்பார்கள். எப்படிச் சாப்பிட்டார்கள், எத்தனை தலைமுறை ஒரே அடுப்பில் சமைத்தார்கள் என்பதற்குக் கல்தான் சாட்சி, அதில் பெயர் கீறும் வழக்கம் நமக்கில்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன, கேட்டு எழுதலாமே. மேல் டிவிசன் ஒன்றில் ஒரு லயத்துக்கு ஏறிப் போனேன். நல்ல வேளையாக அங்கே பெட்ரியைவிடக் கண்டிப்பான ஒருவர் கிடைத்தார். ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி, அக்கா என்று கூப்பிடச் சொன்னார். அவர் அம்மி முழுசாகவே இருந்தது. நான் நோட்டில் படம் போட்டு, டேப்பை வைத்து நீளம், அகலம், குழி ஆழம் எல்லாம் குறித்தேன். யாருடையது என்ற இடத்தில் அவர் பெயரை எழுதப் போனேன்.

"ஏன் என் பேரு? நான் வந்து அரைச்சது பின்னாடி. மொதல்ல இது மேட்டு லயத்து ஆச்சியோடது. அவங்க எழுபத்தொண்ணுல கப்பல்ல போனாங்க. போகையில எங்க மாமியார்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. ஆச்சி பேர மேல போடுங்க, அப்புறம் மாமியார், அப்புறம் நானு."

வரிசையாக எழுதினேன். பக்கத்தில் வந்து நின்று நோட்டை எட்டிப் பார்த்தார்.

"கொழவிய சேத்து எழுதிட்டீங்களா? அத அடிங்க தம்பி. அந்த அம்மியோட கொழவி ஒடஞ்சி போச்சி. இது கீழ்க் காம்பராக்காரவுங்க வீட்டுது. அதத் தனியா எழுதுங்க."